புகார் மேசை

வேலைக்கான உத்தரவு வந்த அன்று வீட்டில் ஒருவருக்கும் சந்தோஷம் இல்லை. ஆனால் வந்தவர் போனவர் எல்லோரும் சந்தோஷப்படச் சொன்னார்கள்.

"குடுத்து வச்சவ நீ," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "படிச்சவங்களே வேலை இல்லாம தெருத்தெருவா அலையிறாங்க. உனக்கு வீடு தேடி வந்திருக்கு." சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

கணவன் இறந்து அப்போது பதினோரு மாதம் ஆகியிருந்தது. அவன் மின்சார அலுவலகத்தில் லைன்மேன். மற்றவர்கள் ஏணியைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதிக் கம்பம் ஏறியிருப்பான் என்பதால் கூட வேலை பார்த்தவர்கள் அவனை அணில் என்று கூப்பிடுவார்கள். ஒரு மழைநாள் பிற்பகல் ஆஸ்பத்திரி ரோட்டுக் கம்பத்தின் உச்சியில் அவன் இருந்தபோது, துணைமின் நிலையத்தில் சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். ஒரே லைனில் அன்று இரண்டு இடத்தில் வேலை நடந்தது. மார்க்கெட் பக்கம் இருந்தவர்கள் முடித்துவிட்டதாகப் போன் செய்தார்கள். இரண்டு இடமும் முடிந்தது என்று ஆபரேட்டர் நினைத்துக்கொண்டார். விசாரணை அறிக்கை நாற்பது பக்கம் வந்தது. அத்தனை பக்கத்துக்குள்ளும் இருந்தது இவ்வளவுதான்.

பணியில் இருக்கும்போது ஒருவர் இறந்தால் வீட்டில் ஒருவருக்கு வேலை தருவது அங்கே வழக்கம். யாருக்கு என்று வீட்டார்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். இறந்தவனுடைய தம்பி எலெக்ட்ரீஷியன் படிப்பு முடித்துவிட்டு மூன்று வருடமாகக் கிடைத்த இடத்தில் கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்தான்.

"அண்ணி, எனக்குத் தெரிஞ்ச தொழில். நான் சேர்ந்துட்டா உங்களையும் பாப்பாவையும் கடைசி வரைக்கும் பாத்துக்குவேன். சத்தியமா."

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள் அவள். முப்பத்து நான்கு வயது வரை எந்த அலுவலகத்திலும் போய் உட்கார்ந்ததில்லை. ஆட்சேபணை இல்லை என்று எழுதிய தாளைத் தம்பி கொண்டுவந்து வைத்ததும் பேனாவைத் திறந்துவிட்டாள்.

மாமியார்தான் குறுக்கே கையை வைத்தாள்.

"உன்ன எங்கடா போடுவாங்க?" என்று மகனைக் கேட்டாள்.

"லைன்லதாம்மா."

"கம்பத்துலயா?"

மாமியார் தாளை எடுத்து நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள், இனி மடிக்க முடியாது என்ற அளவுக்கு மடித்தாள். "அவளே போகட்டும். அவளுக்கு நாற்காலி குடுப்பாங்க. ஒரு புள்ளைய கம்பத்துக்குக் குடுத்தது போதும்."

"அம்மா, எனக்கு என்ன வழி?"

"உயிரோட இரு. அதுதான் உனக்கு வழி."

அடுத்த மாதம் அவன் வேறு ஊரில் பார்சல் கிடங்கு ஒன்றில் மூட்டை இறக்கும் வேலைக்குப் போய்விட்டான். யாரிடமும் சண்டை போடவில்லை. போவதற்கு முன் வீட்டில் ஆடிக்கொண்டிருந்த சுவிட்சுகளையெல்லாம் கழற்றி முடுக்கி வைத்துவிட்டுப் போனான். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

அலுவலகத்தில் அவளுக்குக் கொடுத்தது புகார் மேசை. முன்பு அங்கே இருந்தவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு இரண்டு வருடம் ஆள் போடாமல் விட்டிருந்தார்கள். இரும்பு மேசை. அதன்மேல் இரண்டு தொலைபேசிகள். ஒன்று ஊருக்கு, மற்றொன்று நேராகத் துணைமின் நிலையத்துக்கு. சுவரில் ஊர் வரைபடம். ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் கம்பிச் சுருள்களும் கம்பங்களில் இருந்து கழற்றிய உடைந்த பீங்கான் கிண்ணங்களும் மழையில் நனைந்து கிடக்கும். மேசை நீளத்துக்கு ஒரு பதிவேடு. புகார் வந்த நேரம், இடம், கோளாறு, போன ஆள், சரிசெய்த நேரமும் விவரமும் என்று கட்டங்கள்.

முதல் நாள் பொறியாளர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "நன்றியோட வேலை பாரும்மா. இது அவர் உனக்கு விட்டுட்டுப் போன சொத்து."

"சரிங்க சார்," என்றாள். அவன் விட்டுவிட்டுப் போனவை அவளுக்குத் தெரியும். ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிற ஒன்பது வயதுப் பெண். வாயைத் திறந்தால் மூடாமல் இருந்து, இப்போது நாள் முழுக்கப் பேசாமல் இருக்கிற ஓர் அம்மா. இதில் சொத்து எது என்று அவரைக் கேட்டிருக்கலாம். நன்றி என்ற சொல்லை அந்தப் பதினோரு மாதத்தில் எத்தனை பேர் எத்தனை விதமாக அவளுக்கு ஊட்டப் பார்த்தார்கள் என்று கணக்கே இல்லை. அது தொண்டைக்குள் இறங்கவில்லை.

"அப்பா உக்காந்த சீட்டாம்மா அது?" என்று மகள் கேட்டாள்.

"அப்பா எங்கடி உக்காந்தாரு. அவருக்கு உக்காரவே தெரியாது."

முதல் வாரம் கழிப்பறைக்குள் போய் நான்கு முறை அழுதாள். ஊரே அவளைத் திட்டுவதற்கென்றே போன் வாங்கி வைத்திருந்ததுபோல் இருந்தது. கரண்ட் போய்விட்டது என்பார்கள். எங்கேங்க என்று கேட்டால், "எங்க வீட்லதான், வேற எங்க?" என்று எரிந்து விழுவார்கள். ஒரு பெரியவர் தினமும் காலை பத்து மணிக்கு அழைத்து, இன்றைக்குக் கரண்ட் போகுமா என்று ஜோசியம் கேட்பார். போகாது என்று சொன்னால், "போச்சுன்னா உன்னத்தான் கேப்பேன்," என்று மிரட்டிவிட்டு வைப்பார்.

கணவனோடு ஒன்றாக வேலை பார்த்த லைன்மேன் ஒருவர் இருந்தார். ஆள் ஆறடிக்கு மேல். நெட்டை என்றால்தான் அலுவலகத்தில் தெரியும். அந்த மழைநாளில் கம்பத்தின் கீழே நின்றிருந்தவர் அவர்தான். அதைப் பற்றி அவளிடம் அவர் ஒருநாளும் பேசியதில்லை. அவள் கண் சிவந்து வெளியே வந்ததைப் பார்த்துவிட்டு மேசை ஓரத்தில் வந்து நின்றார்.

"அண்ணி, அவங்க உங்களத் திட்டல. இருட்டத் திட்டுறாங்க. இருட்டுக்குப் போன் இல்ல, அதான் உங்களுக்கு வருது."

அவள் சிரித்துவிட்டாள். உடனே யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

இரண்டாம் மாதம், அலமாரியின் அடித்தட்டில் பழைய பதிவேடுகள் இருப்பதைக் கண்டாள். வேலை முடிந்ததும் லைன்மேன்களே கடைசிக் கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் 'சரி செய்யப்பட்டது' என்று எழுதியிருந்த இடத்தில் அவள் கணவன் மட்டும் கதை எழுதியிருந்தான். 'கம்பத்தில் காக்கைக் கூடு. மூன்று முட்டை. கூட்டைப் பக்கத்து மரத்துக்கு மாற்றினேன். காக்கை ஒத்துக்கொள்ளவில்லை. தலையில் இரண்டு கொத்து.' இன்னொரு நாள்: 'கோளாறு எதுவும் இல்லை. மெயின் சுவிட்சைப் போட மறந்திருக்கிறார்கள். தேநீர் கொடுத்தார்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதுகிறேன்.'

பதினான்கு வருடம் கூட வாழ்ந்தவள் அவள். இந்த ஆளை அவள் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வரும்போது அவன் நனைந்துபோய், பசியோடு, கையெல்லாம் கரியோடு வருவான். "இதெல்லாம் ஒரு வேலையா? உங்களுக்கு வேற வேலையே கிடைக்கலையா?" என்றுதான் அவள் கதவைத் திறப்பாள். ஒருமுறை அவன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான்: "கீழ இருந்து பாத்தா உனக்குத் தெரியாது. ஒரு தெரு மொத்தமா ஒரே நேரத்துல எரியும் பாரு, புள்ளைங்க எல்லாம் 'ஓ'ன்னு கத்தும். எனக்காகத்தான் கத்துதுன்னு நினைச்சுக்குவேன். எவனுக்குக் கிடைக்கும் இந்த வேலை?"

"நினைச்சுக்குங்க. யாரு வேணாங்குறா," என்று சொல்லிவிட்டுத் தட்டை வைத்தாள்.

மதியம் சாப்பிட்ட பிறகு தினமும் ஒரு பக்கம் படித்தாள். ஒரு பக்கத்துக்கு மேல் படிக்க மாட்டாள். தீர்ந்துவிடுமே என்று பயம்.

மேசையில் இருந்த இரண்டாவது தொலைபேசியைத்தான் அவளால் தொட முடியவில்லை. அதன் மறுமுனையில் இருப்பவர் அதே ஆபரேட்டர். ஆறு மாதம் பணியிடை நீக்கம் செய்துவிட்டு மறுபடி அங்கேயே போட்டிருந்தார்கள். கணவன் இறந்த வாரம் வாசலில் வந்து நின்றவரின் முகத்தில் மாமியார் கதவைச் சாத்தினாள். விபத்துக்குப் பிறகு புதிய விதி ஒன்று வந்திருந்தது. எந்த லைனில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று புகார் மேசையிலும் எழுதி வைக்க வேண்டும். சுவிட்சைப் போடும் முன் ஆபரேட்டர் மேசையைக் கேட்க வேண்டும். முதல்முறை அந்தத் தொலைபேசி அடித்தபோது எடுத்தாள். "சப்-ஸ்டேஷன்லேர்ந்து," என்று ஒரு கரகரத்த குரல் வந்ததும் வைத்துவிட்டாள். அதிலிருந்து அது அடித்தால் நெட்டையோ, பக்கத்து அறை எழுத்தரோ ஓடிவந்து எடுப்பார்கள். அவள் பதிவேட்டைப் பார்த்து விவரத்தைச் சொல்ல, அவர்கள் போனில் சொல்வார்கள். யாரும் இதைப் பற்றிப் பேசி முடிவு செய்யவில்லை. தானாக அப்படி நடந்தது.

நான்காவது மாதம் ஒருநாள் மதியம் ஒரு மணிக்குப் புயல்போல் காற்று அடித்தது. அரைமணி நேரத்தில் பாதி ஊரில் மின்சாரம் போனது. எழுத்தர் உட்பட அலுவலகத்தில் இருந்த அத்தனை பேரும் வண்டியேறிப் போய்விட்டார்கள். கிழக்கு லைனில் இரண்டு இடத்தில் மரம் விழுந்திருந்தது. பம்ப் ஹவுஸ் பக்கம் ஒரு குழு. பள்ளிக்கூட ரோட்டில் நெட்டை. இரண்டையும் எழுதிக்கொண்டாள். அறையில் அவளும் இரண்டு தொலைபேசிகளும் மட்டும்.

மூன்று மணிக்கு ஒரு பெண் அழைத்தாள். பதற்றத்தில் மூச்சு வாங்கியது. "எங்க அப்பாவுக்கு ஆக்சிஜன் மெஷின்ல ஓடிட்டிருக்கு. கரண்ட் போயி ரெண்டு மணி நேரம் ஆச்சு. பேட்டரி முடியப்போகுது. எப்பங்க வரும்? சொல்லுங்க, எப்ப வரும்?"

"எந்தத் தெருங்க?"

பெண் சொன்னாள். கிழக்கு லைன்தான்.

அந்த நேரம் பார்த்து மற்ற தொலைபேசி அடித்தது. வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை. அது நிற்கவில்லை. ஒரு காதில் அந்தப் பெண் அழுதுகொண்டிருக்க, இன்னொரு கையால் எடுத்தாள்.

"சப்-ஸ்டேஷன்," என்றது அதே குரல். "பம்ப் ஹவுஸ் டீம் முடிச்சு இறங்கிட்டாங்க. கிழக்கு லைன் போடலாமா? மேலேர்ந்து போன் மேல போன் போட்டுக் கொல்றாங்க."

அவள் பதிவேட்டில் விரலை வைத்தாள். பள்ளிக்கூட ரோடு, நெட்டை, இரண்டு பத்து. எதிரே கடைசிக் கட்டம் காலியாக இருந்தது.

"போடாதீங்க," என்றாள். சொல்லும்போதே கத்திவிட்டாள் என்று தெரிந்தது. "போடாதீங்க. பள்ளிக்கூட ரோட்டுல நெட்டை அண்ணன் மேல இருக்காரு. இன்னும் இறங்கல. கைய வைக்காதீங்க."

மறுமுனையில் அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"வைக்கலம்மா," என்றார் கடைசியில். "தள்ளி நிக்கிறேன்."

அவள் யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

இந்தப் பக்கம் அந்தப் பெண் கத்திக்கொண்டிருந்தாள். "ஏங்க, இருக்கீங்களா? எங்கப்பா செத்தா நீங்கதான் பொறுப்பு!"

"அம்மா, கேளுங்க. ஒரு ஆள் கம்பத்து மேல இருக்காரு. இப்ப கரண்ட் போட்டா அவரு செத்துருவாரு. என்னால முடியாது. நான் உங்களுக்கு ஆம்புலன்ஸ் சொல்றேன், அதுல சிலிண்டர் இருக்கும். போன வச்சிராதீங்க, நான் லைன்லயே இருக்கேன்."

"உங்க வீட்டு ஆளா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

அவள் தன் கைபேசியில் ஆம்புலன்ஸை அழைத்தாள். வரைபடத்தைப் பார்த்து எந்தச் சந்தில் மரம் விழுந்து கிடக்கிறது, எந்த வழியாக வர வேண்டும் என்று சொன்னாள். இடையில் பொறியாளர் அழைத்து, யாரோ பெரிய இடத்தில் கோபப்படுகிறார்கள் என்றார். நெட்டை இறங்கவில்லை சார் என்றாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் வைத்துவிட்டார். பதினெட்டு நிமிடத்தில் ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண் ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனை வைத்தாள். அவளுடைய அப்பா பிழைத்துக்கொண்டார் என்பது மறுநாள் எழுத்தர் சொல்லித்தான் தெரிந்தது.

நான்கு மணிக்கு நெட்டை கூப்பிட்டார். "முடிஞ்சுது அண்ணி. இறங்கிட்டேன். போடச் சொல்லுங்க." அலுவலகத்தில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. மரத்தை வெட்டிய களைப்பு மட்டும் குரலில் இருந்தது.

துணைமின் நிலையத்தை முதல்முறையாக அவளே அழைத்தாள். விவரத்தைச் சொன்னாள். கிழக்கு லைனுக்கு மின்சாரம் கொடுத்துவிட்டதாக ஆபரேட்டர் சொன்னார். அதற்குப் பிறகும் இருவரும் வைக்கவில்லை.

"அன்னிக்கும் நான் அங்க அடிச்சேம்மா," என்றார். "ரெண்டு தடவ அடிச்சேன். ஆஸ்பத்திரி ரோடு முடிஞ்சுதான்னு கேக்கலாம்னு. அந்தச் சீட்டுக்கு ஆளே போடல அப்ப. போன் பாட்டுக்கு அடிச்சுது. நானா முடிவு பண்ணிட்டேன்."

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதுக்காக நான் செஞ்சது இல்லன்னு ஆயிடாது. சொல்லணும்னு தோணிச்சு, சொல்றேன்."

"சரிங்க," என்றாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்ல அவளுக்கு வரவில்லை. மன்னிக்கவும் இல்லை. "நாளைக்கும் நான்தான் இருப்பேன். அடிங்க, எடுக்குறேன்."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இருந்தது. அது துக்கம் இல்லை என்று தெரிந்ததும் பயந்துபோனாள். அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்திருந்தது நல்லதாகப் போயிற்று என்ற எண்ணம் அது. நெட்டையின் மனைவி இன்று ஒன்றும் தெரியாமல் கதவைத் திறப்பாள், தாமதமாக வந்ததற்குக் கணவனைக் கடிந்துகொள்வாள். இதைச் செய்ய எனக்குக் கிடைத்ததே என்று ஒரு நிறைவு. அது எப்படிக் கிடைத்தது என்று நினைத்ததும் அந்த நிறைவே முள்ளாகக் குத்தியது. தெருவோரக் கடைப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரே போய் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். ஆபரேட்டர் சொன்னதையும் மறைக்கவில்லை. கடைசியில், திருடியதை ஒப்புக்கொள்கிறவள்போல் சொன்னாள்:

"அத்தை, எனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கு."

மாமியாரின் கை நின்றது.

"நீ சந்தோஷமா இருக்கணும்னு நான் உன்ன அங்க அனுப்பல," என்றாள். "என் சின்னவன் கம்பத்துல ஏறக் கூடாதுன்னு அனுப்பினேன். நீ அழுதுகிட்டே போயிட்டு வர்ற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தோணல. இப்ப பிடிச்சிருக்குங்கற. எனக்குக் கோவம் வருது. ஏன்னு தெரியல."

"எனக்கும் என்மேல கோவமாத்தான் இருக்கு."

"அந்தச் சீட்டுல அப்பவே ஒருத்தி உக்காந்திருந்தா..." மாமியார் முடிக்கவில்லை. மடித்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மகன் இறந்த அன்றுகூட அவள் வாய்விட்டு அழவில்லை. இப்போது அழுதாள். மருமகள் நெருங்கி உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்துக்கொண்டாள். சத்தம் கேட்டு வந்த மகள் வாசலிலேயே நின்றாள். பிறகு அவளும் வந்து ஒட்டிக்கொண்டாள்.

அழுது ஓய்ந்த பிறகு மாமியார் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அந்த நெடுமரத்துக்கு எத்தன புள்ளைங்க?"

"ரெண்டு."

"ம்," என்றாள். மீண்டும் துணியை எடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் போன் செய்தான். வாரம் தவறாமல் செய்வான். கிடங்கில் இடுப்புப் பிடித்துக்கொண்டதாகவும் இப்போது பரவாயில்லை என்றும் சொன்னான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றான்.

"உங்களுக்கு வேலை எப்படிப் போகுது அண்ணி?"

அவள் சொல்ல நினைத்தது நிறைய இருந்தது. பதிவேட்டில் அண்ணன் எழுதிய காக்கைக் கதையைச் சொன்னால் அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். ஆனால் அது அவன் கேட்ட வேலை. அவன் கேட்ட மேசை இல்லை என்றாலும், அவனுக்குப் போக வேண்டியதைத்தான் அவள் வைத்திருந்தாள்.

"ஏதோ போகுது," என்றாள்.

"விட்டுறாதீங்க அண்ணி. கஷ்டமா இருந்தாலும் விட்டுறாதீங்க."

"விட மாட்டேன்."

அவன் பாப்பாவைக் கூப்பிடச் சொன்னான். அவள் போனை மகளிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.